காலி அட்டை

தையற்காரர் மாத்திரை அட்டையை விடுவதாக இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் உள்ளே இருந்த மாத்திரைகள் கடகடவென்று சத்தம் போட்டன.

"கொடுங்கய்யா. மிச்சத்தை வாங்கிட்டு வந்து எரிச்சுடணும்னு உத்தரவு."

"இந்த ஒரு அட்டையை மட்டும் விட்டுட்டுப் போங்க டாக்டரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டரம்மா என்றால் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கின ஈரம்கூடக் காயாத சின்னப் பெண். 'ஊசி போடத் தெரியாத டாக்டர்' என்று சொந்தத் தம்பியே கேலி செய்வான். கை நடுக்க நோய்க்கான இந்த மாத்திரைதான் அவள் படித்த படிப்பு, பார்த்த வேலை, எல்லாமே.

அதற்குள் ஆட்சி மாறியது. புது மந்திரி வந்த கையோடு ஆராய்ச்சி நிதியில் கத்திரியை வைத்தார். முதலில் போனது ரத்தப் பரிசோதனைக்கான பணம். மருந்து உடம்புக்குள் போகிறதா என்று தெரிந்துகொள்ள, நோயாளிகள் திருப்பித் தருகிற காலி அட்டைகளைப் பார்ப்பது ஒன்றுதான் வழி என்றாகிவிட்டது.

அடுத்து, புது நோயாளி யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். அப்புறம், இருக்கிற கொஞ்சம் பேரை வைத்தே பலனைக் காட்டு, இல்லாவிட்டால் பூட்டு என்றார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, எங்கே, வழி சொல்லு பார்ப்போம் என்றால் எந்த மகராசியால் சொல்ல முடியும்?

சோதனையில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுக்கிற டாக்டரம்மாவுக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு, நேற்றுதான் அந்த ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார்கள்.

நிஜ மருந்து போன மற்றவர்களுக்கு நடுக்கம் கொஞ்சமாவது குறைந்திருந்தது. தையற்காரருக்கோ கூடியிருந்தது. இத்தனைக்கும் ஒரு தடவைகூட விடாமல் காலி அட்டையைக் கொண்டுவந்து ஒப்படைத்த மனிதர்! ஆள் குறைவான சோதனையில் அவர் ஒருவர் கணக்கே மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டது.

'பலன் இல்லை' என்று இன்று காலையில் டாக்டரம்மாவே தட்டச்சு செய்து அனுப்பினாள். மதியம் ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது. இந்த மாத்திரைகளைத் திரும்ப வாங்குவதுதான் அவள் பார்க்கப்போகும் கடைசி வேலை.

தையற்காரரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பாதியில் விட்ட சட்டைக்குப் பட்டன் தைத்தாள். சோதனையில் சேர முதல் நாள் கணவரோடு ஆய்வகத்துக்கு வந்தபோது, சால்வைக்குள் இழுத்துப் போர்த்திய கையை அந்த அம்மாள் வெளியே எடுக்கவே இல்லை. கொடுத்த டீயையும் தொடவில்லை. ரொம்பக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே டாக்டரம்மா விதிகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்: சாப்பாட்டுக்குப் பிறகு போடணும், ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான், காலி அட்டை திரும்ப வரணும்.

பாவம், இப்போது கடை மொத்தமும் இந்த அம்மாள் தலையில் விடிந்திருக்கிறது.

"ஐயா, உங்ககிட்ட மறைக்க மனசு வரலை" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்குக் கிடைச்சது நிஜ மருந்துதான்."

தையற்காரர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இதுல சந்தோஷப்பட என்னங்கய்யா இருக்கு? நிஜ மருந்து கொடுத்தும் வேலை செய்யலைன்னுதானே மூடிட்டாங்க. இனிமே இதை யாரும் தயாரிக்க மாட்டாங்க."

"எங்கேயுமா?"

"எங்கேயும்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பணம் எவ்வளவு ஆனாலும் கிடைக்காதா? கடையை வித்தாவது..."

"ஐயோ, புரிஞ்சுக்கங்கய்யா!" அவளுக்கு அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. "இத்தனை வருஷம் நான் முட்டாள்தனமா எதையோ நம்பிட்டேன். எனக்கு வேலை போச்சு, அது என் தலையெழுத்து. வேலை செய்யாத மாத்திரையை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

மனைவி தைத்துக்கொண்டிருந்த நூல் தீர்ந்தது. பல்லால் கடித்து அறுத்துவிட்டு, புது நூலின் நுனியை நாக்கில் ஈரமாக்கி, ஊசிக் காதில் நுழைத்தாள். ஒரே தடவையில் நுழைந்தது.

தையற்காரர் அட்டையை டாக்டரம்மாவிடம் நீட்டவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து போய் மனைவியின் மடியில் வைத்தார்.

"முதல் நாளே சொல்லத்தான் ரெண்டு பேரும் வந்தோம். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்னு நீங்க வாயை அடைச்சுட்டீங்க" என்றார். "அப்போ இவ கை என் கையைவிட மோசமா ஆடும். சாப்பாட்டை நான்தான் ஊட்டிவிடுவேன்."

மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளின் விரல்களுக்கிடையில் ஊசி துளிகூட அசையவில்லை.

"நான் ஒரு மாத்திரைகூட முழுங்கலைம்மா."