நாலாவது அடி

"நாலாவது அடில மிதிக்கச் சொன்னா அஞ்சாவதுல மிதிக்கிற! உன் காலுக்குன்னு இன்னா, தனியா கடிகாரம் ஓடுதா?"

டிரம்முக்குப் பின்னாலிருந்து செல்வநாதன் கத்தினார். பேண்டுக்குத் தலைவர் அவர்தான். மேடையின் முன்பக்கத்தில் கிட்டாரோடு நின்ற சவரிநாதன் திரும்பவே இல்லை.

"பாரு வால்டரு, பதில் சொல்றானா பாரு. நாளைக்குக் கல்யாணம். இன்னும் ரெண்டு தபா பாப்பேன். சரிவரலன்னா பெரம்பூர்ல ஒருத்தன் கிட்டார வச்சுகினு சும்மா குந்திகினு கீறான். அவன இட்டாந்துடுவேன்."

மேடையோரம் நின்ற வால்டர் சவரியைப் பார்த்தான். சவரி அவனுடைய சிறு வயது தோஸ்து. அதைவிட, அவன் காலடியில் இருந்த புதுப் பலகையைச் செய்ததே வால்டர்தான்.

எழுபத்து நாலாம் வருடம் அது. ராயபுரத்தில் மாதா கோயிலில் கல்யாணம் முடிந்தால் சாயங்கால விருந்துக்குக் கட்டாயம் ஒரு பேண்டு வேண்டும். சினிமாப் பாட்டு பத்து, இங்கிலீஷ் பாட்டு நாலு, மரப்பலகை மேடை, கீழே குதித்து ஆடுகிற கூட்டம். பதினோரு வருடமாக அந்த மேடைகளில் சவரியின் கிட்டார்தான். பகலில் ஹார்பரில் கப்பலின் இரும்பைச் சுத்தியலால் அடித்துத் துரு உதிர்ப்பான். சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுவான். கம்பிகளைச் சுருதி சேர்க்கும்போது கிட்டாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொள்வான். "பொண்டாட்டிக்குக்கூட இத்தினி முத்தம் குடுத்திருக்க மாட்டான்" என்று செல்வநாதன் சிரிப்பார்.

போன வாரம் வரை, கிட்டாரின் ஒலியை மாற்றச் சவரி காலால் மிதிக்கும் மூன்று பெடல்களும் மேடையில் தனித்தனியாகக் கிடந்தன. கூட்டம் ஆடினால் மேடை அதிரும். பெடல் பெட்டிக்குள் ஒயர் ஆடும். பாட்டு நடுவில் கரகரவென்று இரையும்.

கப்பல் எலக்ட்ரீஷியனான வால்டர் அதற்கு வழி கண்டுபிடித்தான். ஆள் ஏறி நின்றே வாசிக்கும் அளவுக்குப் பெரிய பலகை. அதன்மேல் மூன்று பெடலும் வரிசையாக: முதலில் குழந்தை அழுகிற மாதிரி இழுக்கும் வா-வா, அடுத்து வண்டு மாதிரி உறுமும் ஃபஸ், கடைசியில் எக்கோ. எக்கோ கடைசியில் இருந்தால்தான் அதற்கு முன்னால் நடந்தது அத்தனையையும் திருப்பிச் சொல்லும். பலகைக்கு அடியில் நாலு மூலையிலும் தடித்த ரப்பர். மேடை எவ்வளவு அதிர்ந்தாலும் மேலே ஏறாது.

இரைச்சல் நின்றது. அன்றிலிருந்து சவரியின் கால் தப்ப ஆரம்பித்தது.

பாட்டின் நடுவே ஓர் இடத்தில் எல்லாரும் நிறுத்துவார்கள். டிரம் மட்டும் நாலு அடி. நாலாவது அடியில் சவரி ஃபஸ்ஸை மிதித்து உள்ளே நுழைய வேண்டும். அங்கேதான் சறுக்கல்.

வால்டர் முன்னால் போய் அவன் தோளைத் தொட்டான்.

"இன்னா மாமு, ஸ்விட்சு டைட்டா கீதா?"

சவரி அவன் முகத்தையே பார்த்தான். "தெர்ல மாமு. புதுப் பலகை. காலுக்கு ஒண்ணும் பிடிபடல."

வால்டர் ஸ்விட்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். ஃபஸ்ஸை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினான்.

செல்வநாதன் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஃபஸ் உறுமியது.

"அய்யய்ய! இப்ப மூணுலயே மிதிக்கிறான்! ஒரே பேஜாரா போச்சு. இன்னும் ஒரு தபாதான், சொல்ட்டேன்!"

வால்டர் தலையைச் சொறிந்தான். ஸ்பிரிங் டைட் என்றால் எப்போதும் பிந்தித்தானே வர வேண்டும்? ஒரு தரம் பிந்தி, ஒரு தரம் முந்தி என்றால் பழுது எங்கே?

அப்போது சவரியின் மனைவி ஆலிஸ் தூக்கில் டீயோடு வந்தாள். கீழே குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"அடில இன்னாண்ணே அது?"

"ரப்பரு. மேடை அதிர்றது மேல ஏறக் கூடாதுன்னு நான்தான் வச்சேன்."

ஆலிஸின் முகம் மாறியது. "எடுத்துடுண்ணே."

"எடுத்தா மறுபடியும் கரகரங்கும் ஆலிஸு."

"கரகரங்கட்டும். நீ எடு."

எடுத்தான். செல்வநாதன் குச்சியை ஓங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சவரியின் வெறுங்கால் நாலாவது அடியின் மேலேயே இறங்கியது. இன்னொரு தரம். அப்போதும் சரி. ஆறு தரம் பார்த்தார்கள், ஆறும் சரி.

"அப்டிப் போடு நைனா!" செல்வநாதன் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "பெரம்பூரான் பெரம்பூர்லயே கெடக்கட்டும்!"

வால்டர் ஆலிஸிடம் வந்தான். "பத்து வருசமா ஒயரோட மல்லாடறேன். எனக்குத் தெரியாதது உனக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?"

அவள் செல்வநாதன் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாராண்டயும் சொல்லிடாதண்ணே. துரு தட்டித் தட்டி, மூணு வருசமா அவுருக்குக் காது சுத்தமா கேக்கல. டிரம்மு சத்தம் கால் வழியாத்தான் வரும்."

வால்டர் தலையாட்டிவிட்டு மேடை ஏறினான். ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு பெடலுக்கும் அடியில் வைத்தான். சவரி நிற்கும் பலகையை மேடை மரத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கினான்.