அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்

வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அப்பா செத்துக்கொண்டிருந்தார்.

தானாக அல்ல. முடிவெடுத்து, நாள் பார்த்து, சொந்தபந்தம் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு.

சமணர்களான எங்களிடம் அதற்குச் சல்லேகனை என்று பெயர். தீராத நோய் வந்தவர் சாப்பாட்டை ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் தண்ணீரையும் விட்டுப் போய்ச் சேர்வது. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் செய்தால் இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

நெய்யை விட்டார். பாலை விட்டார். உப்பை விட்டார். சோற்றை விட்டார். ஒன்பது நாளாகத் தண்ணீர் மட்டும்.

அது இருக்கும்வரை எனக்கும் நேரம் இருந்தது.

சண்டை போட்டுப் பார்த்தேன். காலைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தேன். வெட்கமே இல்லாமல், வீடியோ காலில் என் மகள் தீக்ஷாவை விட்டு அழவைத்தும் பார்த்தேன். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று முன்தினம்தான் அப்பாவின் பழைய பாட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன.

அப்பா வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுன்ட்டரில் இருந்தவர். ஆசிரமத்தில் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவிடம் பதினோரு கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஜாஸ், ப்ளூஸ். வெங்காயத்தைக்கூடத் தொடாத மனிதர், யாரோ குடித்துவிட்டு அழுவதுபோல் பாடுவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அதுவும் பூனைச் சண்டையும் ஒன்றுதான். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து, டேப் ரெக்கார்டரும் போன பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஓர் ஆசையைக் கிளறிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அடுத்த பாட்டையும் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டால், அதற்காகவாவது ஒரு வாய்க் கஞ்சி குடிப்பார்.

சென்னையில் ஆடியோ கடை வைத்திருக்கும் ராமதாஸ், இருப்பதிலேயே உசத்தியாக மூன்றை அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்.

முதலாவதில் பேஸ், அந்தத் தடித்த அடிச்சத்தம், மண்டையில் இடித்தது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கட்டும் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அப்பாவுக்குத் தலைவலிதான் வரும்.

இரண்டாவது பிரமாதம். ஆனால் காதை முழுக்க மூடிவிடும் வகை. மாட்டியதும் வீடே காணாமல் போனது. அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அது வேண்டாம். அப்பா ஏற்கெனவே எங்களை விட்டுப் பாதி தூரம் போயிருந்தார்.

மூன்றாவது ஓப்பன் டைப், வெளிச்சத்தமும் காதில் விழும். தலையில் இருப்பதே தெரியவில்லை.

“ஜாஸுக்கு அதுதாங்க. பேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும். ஆனா யார் யார் எங்க உக்காந்து வாசிக்கிறாங்கன்னு தெளிவா தெரியும்” என்று ராமதாஸ் போனில் சொன்னார்.

பழைய கேசட் அட்டையைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்த பாட்டைப் போட்டுக் கேட்டேன். டிரம்பெட் இடது பக்கம். பியானோ தள்ளிப் பின்னால். பாடுகிறவர் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பது என் கன்னத்துக்குப் பக்கத்தில் கேட்டது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அப்பாவின் பாட்டு எனக்குப் பிடித்தது. அழுகையாக வந்தது.

இதுதான் என்று எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், விரதத்துக்கு அனுமதி கொடுத்த பெண் துறவி மாதாஜி, வெள்ளைப் புடவையில், மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவர் நிறுத்தினார்.

அப்பாவின் காதில் மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் உயர்ந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் கட்டைவிரல் தாளம் போட ஆரம்பித்தது. அம்மா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு நிமிடப் பாட்டு. எட்டு நிமிடமும் அந்த விரல் நிற்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆம்புலன்ஸ் நம்பரைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

“நல்லாப் பாத்து வாங்கியிருக்க மது. இத்தன வருஷம் கேட்டும், பின்னாடி ஒருத்தர் பியானோ வாசிக்கிறது எனக்குத் தெரியவே இல்ல.”

“இன்னொண்ணு போடட்டுமாப்பா?”

அப்பா ஹெட்போனைத் தானே கழற்றி என் மடியில் வைத்தார். பிறகு மாதாஜி பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“இதையும் விட்டுட்டேன் மாதாஜி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாதாஜியைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கவே அவர் தயங்கியதுபோல் இருந்தது.

“ஒரே ஒரு ஆசை பாக்கி இருக்கு, அது தீராம தண்ணியை விட மனசு வரலன்னு சொல்லிட்டிருந்தாரும்மா. என்ன ஆசைன்னு எங்க யார்கிட்டயும் சொல்லல.”

அம்மா எழுந்து, தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.