பழைய ரோபோவும் புதுக் கம்ப்யூட்டரும்

“வாங்க சார், வாங்க! வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன், செவ்வாய்க்கிழமை வந்து நிக்கறீங்க. நடந்தே வந்தீங்களா?”

அறை வாசலில் நின்றவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

“ஒண்ணும் சொல்ல வேணாம். முதல்ல இதைப் பாருங்க.”

மேஜை மேல் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். அதன் திரையில், ஐந்து நாளாக அவளைப் பார்த்துப் பல்லிளிக்கும் அதே வரி: ‘இந்த மென்பொருள் இந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இயங்காது.’

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பெட்டிகளை அடுக்க வேண்டிய ரோபோ கை ஒரு பெட்டியைப் பாதி தூக்கிய நிலையில் உறைந்து நின்றது. அதன் காலடியில் நாலு பேர் முனகிக்கொண்டே பெட்டி சுமந்தார்கள்.

“பழைய கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. புதுசு வாங்கினா, ரோபோ சாஃப்ட்வேர் அதுல ஏற மாட்டேன்னு அடம் பிடிக்குது. உங்க கம்பெனிக்குப் போன் போட்டா, ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்’! நாலு பேர்கிட்ட பேசினேன், நாலு பேரும் அதையே சொல்றாங்க.”

“மேடம், நான் வந்தது...”

“தெரியும், லேட்டானதுக்குச் சமாதானம் சொல்லத்தானே? கேக்க நேரமில்லை. பன்னிரண்டு மணிக்குள்ள இந்த ரோபோ ஓடலைன்னா இதைத் தூக்கிடுவேன்னுட்டான் எங்கண்ணன். முதலாளியாச்சே! அப்புறம் என்னையும் பில் போடற சீட்டுல உக்கார வெச்சிடுவான். எட்டு வருஷமா இதுக்கு புரோகிராம் எழுதறேன் சார். பில் போடவா படிச்சேன்?”

கடைசி வார்த்தையில் குரல் லேசாக உடைந்தது. அவன் அவளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தேகால். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“பழைய கம்ப்யூட்டரோட டிஸ்க் இருக்கா?”

“அது மட்டும் தப்பிச்சுது. ஏன்?”

“புது வீட்டுக்குள்ள பழைய வீட்டை ஒரு ரூமாக் கட்டிடலாம். சாஃப்ட்வேர் அந்த ரூமை விட்டு வெளியே வராது. பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கோம்னு நினைச்சுக்கும்.”

“இதைப் போன்ல சொன்னா உங்க ஆளுங்களுக்கு வாய் வலிக்குமா?”

அவன் சிரித்துக்கொண்டே டிஸ்க்கை வாங்கி மாட்டினான். டிஸ்க்கில் இருந்தது நத்தை வேகத்தில் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியது.

“அரை மணியா நாப்பது சதவீதத்துலயே நிக்குது. ஒரு தட்டு தட்டுங்க சார்!”

“தட்டினா ஓடாது மேடம்.”

“எங்க வீட்டு டிவி ஓடுதே!”

பதினொன்று நாற்பதுக்கு மென்பொருள் திறந்தது. அவள் கைதட்டப் போனாள். அதற்குள் அவன், ரோபோவிலிருந்து வந்த கேபிளைத் தூக்கிக் காட்டினான். புதுக் கம்ப்யூட்டரில் அதைச் சொருகத் துளையே இல்லை.

“போச்சு!” தலையில் கை வைத்துக்கொண்டாள். “என் நேரம் சார், என் நேரம்!”

“இருங்க, வண்டியில ஒண்ணு கிடக்கும்.”

ஓடிப்போய், தூசி படிந்த ஓர் இணைப்பானோடு திரும்பி வந்தான். கேபிளை அதில் மாட்டி, அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, பொத்தானை அழுத்தினான்.

ரோபோ கை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டது. பிறகு, எதுவுமே நடக்காததுபோலப் பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்தது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

“உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் சார்! நான் கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க.”

அவளுடைய போன் அடித்தது.

“மேடம், ரோபோ கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் பேசறேன். இன்னிக்கு வர முடியாது. நாளைக்கு...”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் மெல்லத் திரும்பினாள்.

“அப்ப... நீங்க யாரு?”

அவன் ஜன்னல் வழியே, கேட்டருகே நின்ற காலி லாரியைச் சங்கடத்தோடு காட்டினான்.

“பழைய இரும்புக் கடை மேடம். எதையும் உடைக்கறதுக்கு முன்னாடி, ஓடுதான்னு ஒரு தடவை பாத்துடுவேன். இந்த ரோபோவை ஏத்திட்டுப் போக உங்க அண்ணன் பன்னிரண்டு மணிக்குத்தான் வரச் சொன்னாரு. நான்தான் கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன்.”