மூன்றாவது சீட்டு

பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தரம் குறிக்கும் பணியை நானும் என் தங்கையும் செய்து வருகிறோம். ஒருவர் கருத்து மற்றவரைத் தொற்றாதிருக்க, குறைகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் இடுவோம். பின்னர்ப் புத்தகத்தைக் காற்றுப் புகாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் அடைப்போம்.

சென்ற வாரத்திலிருந்து பெட்டியில் மூன்று சீட்டுகள் இருந்து வந்தன. நாங்கள் இருவரும் தவறவிட்ட குறைகள் மூன்றாவதில் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருந்தன.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறாரு! சம்பளமும் கேக்கல. இருந்துட்டுப் போகட்டுமே அண்ணா," என்று தங்கை சிரித்தாள்.

இன்று புத்தகம் எதுவும் வரவில்லை. ஆயினும் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. உரக்கப் படித்தேன்.

"நெற்றியில் பழைய தழும்பு. மேல்வரிசையில் ஒரு பல் செயற்கை. இடத்தோள் சற்றே சரிவு. மற்றபடி நன்னிலை. உறையிடலாம்."

தங்கை தன் நெற்றித் தழும்பைத் தொட்டாள்.

"அண்ணா, வெளிய போயிடலாம். வாங்க."

நான் விரைந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவள் வரவில்லை. ஓரடி தொலைவில் நின்று, என்னை நோக்கி வாயசைத்தாள், ஒலி கேட்கவில்லை. அவள் முகத்துக்கு முன்னே, வெறும் வெளியில், அவளுடைய மூச்சு வெண்மையாகப் படிந்து மறைந்தது. மீண்டும் படிந்தது, முன்னினும் சிறியதாக.