வெயில் காரணமில்லை

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய சைக்கிள் சுற்றுலா சாயல்குடியில் நின்றது. வழிகாட்டி ஜெபமாலையின் சைக்கிள் பூட்டிக்கொண்டது. கைப்பிடியிலேயே நாடி பார்க்கும் சைக்கிள் அது; ஓட்டுபவரின் நாடி எகிறினால் அப்படித்தான். அடங்கும்வரை சக்கரம் உருளாது.

"வெயில் ஒத்துக்கல," என்றாள், நுங்கு விற்கும் சவரிமுத்துவின் பக்கம் திரும்பாமல். போன மூன்று பயணத்திலும் இதே இடத்தில் இதையேதான் சொன்னாள்.

ஆனால் இந்தத் தடவை சைக்கிளுக்குப் புதிதாகப் பேச்சு வந்திருந்தது.

"உடல் சூடு சரியாக இருக்கிறது. நாடி மட்டும் அதிகம். வெயில் காரணமில்லை," என்று ரோட்டுக்கே கேட்கச் சொன்னது.

சவரிமுத்து அரிவாளை வைத்துவிட்டு நிழலில் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உட்காருங்க. அடங்க நேரமாகும்ல?"

அவள் உட்கார்ந்ததும் சுற்றுலாக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். இன்றைக்கு வண்டி கிளம்பாது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது.