மூணாவது மாடியில் ஆசிட் இல்லையாம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது ஓசூர் அபார்ட்மென்ட் சமாச்சாரம். சத்தமாய்ச் சொன்னால் லிஃப்ட் ஏறி மேல்மாடி வரைக்கும் போய்விடும்.

ரெண்டாவது மாடி சுஜாதாவுக்கு அன்றைக்குக் காலையிலேயே எரிச்சல். மூக்கண்டப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் சம்பங்கி, பாத்ரூமுக்குள் போகாமல் ஆசிட் பாட்டிலும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

"மேடம், கையில போடற கிளவுஸ் இருந்தா குடுங்க. தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. ரேஷன் கடையில கட்டைவிரல் வெச்சா மெஷின் எடுக்க மாட்டேங்குது. மூணு தபா போயிட்டு வெறும் பையோட வந்தேன்."

"கையை நல்லா கழுவிட்டு வைக்கணும் சம்பங்கி."

"கழுவிக் கழுவித்தான் மேடம் இப்படி ஆச்சு."

சுஜாதாவுக்குச் சுருக்கென்றது. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், கோபம்.

"நம்ம போர் தண்ணி பூரா உப்பு. ஆசிட் இல்லாம டைல்ஸ் கறை போகுமா? நீ வேலை பார்க்கிற மூணு வீட்டுலயும் ஆசிட்தான். மேலே நிகத் வீட்டுல கேட்டியா? தர்ஷினி வீட்டுல கேட்டியா? எங்கிட்ட மட்டும் என்ன புகார்?"

சம்பங்கி பாட்டில் மூடியைத் திருகினாள். உள்ளே போய்த் தேய்த்துவிட்டுப் போனாள்.

ரெண்டு நாள் கழித்து, ஹாலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மூணாவது மாடியில ஆசிட்டை நிறுத்திட்டாங்க மேடம்."

"யாரு, நிகத்தா?"

"ஆமா மேடம். எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணியில ஊறவெச்சுதான் வீடு துடைக்கறது. பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை. இன்னா வாசனைன்றீங்க! வர்றவங்கல்லாம் கேக்கறாங்க."

சுஜாதா குடித்துக்கொண்டிருந்த காபியை டங்கென்று கீழே வைத்தாள். போன வருஷம் மாடித்தோட்டம் போட்டு அசோசியேஷனில் சால்வை வாங்கியவள் அந்த நிகத்.

சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்த புருஷன் ஹரீஷ்குமார் சமையல்கட்டில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தார்.

"என்ன இது, ஊறுகாயா?"

"பயோ என்சைம். வீடு துடைக்க."

"எப்ப ரெடியாகும்?"

"மூணு மாசம்."

"அதுவரைக்கும் துடைக்காம இருக்கப் போறியா?"

"ஆன்லைன்ல ரெடிமேடா ஆறு பாட்டில் சொல்லிட்டேன். எல்லாம் மூலிகை. நீங்க போய்க் கையைக் கழுவுங்க, அங்க பூந்திக்கொட்டை வெச்சிருக்கேன்."

தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவசரக்காரி, அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறாள். பத்தாம் நாள் ஒரு பாட்டில் டமார் என்று வெடித்தது. ஹரீஷ்குமார் குக்கர் என்று நினைத்து மேஜைக்கு அடியில் போய்விட்டார். எலுமிச்சைத் தோல் ஒன்று ஃபேனில் ஒட்டிக்கொண்டு சுற்றியது.

அதற்கெல்லாம் சுஜாதா அசரவில்லை. வெடிக்காமல் மிச்சமிருந்த பாட்டில்களைப் படம் எடுத்து, 'பூமித்தாய்க்கு என் சிறு காணிக்கை' என்று அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டாள். நாற்பத்தோரு கட்டைவிரல் விழுந்தது. நிகத் விரல் மட்டும் விழவில்லை. அதுதான் சுஜாதாவுக்கு எல்லாவற்றையும்விட இனித்தது.

"கூட ரெண்டு தேய் தேய்க்க வேண்டியிருக்கு. ஆனா எரியல மேடம்" என்றாள் சம்பங்கி.

சுஜாதா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

ரெண்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் மார்க்கெட் போய்விட்டு வந்து லிஃப்டில் ஏறினால், உள்ளே நிகத்.

"சுஜாதாக்கா, ஒரு டவுட்டு. ஊறவெச்ச தோல் மேல வெள்ளையா ஆடை படியுதே, கெட்டுப் போச்சா?"

"உனக்குத் தெரியாததா நிகத்? எத்தனை மாசமா பண்றவ நீ!"

"நானா? போன வாரம் வரைக்கும் எங்க வீட்ல ஆசிட்தான்க்கா. நீங்க குரூப்ல படம் போட்டீங்க, சம்பங்கியும் தினம் வந்து உங்க புராணமே பாடினா. மனசு கேக்கல, ஆரம்பிச்சுட்டேன். ஆமா, நீங்க யாரைப் பார்த்து ஆரம்பிச்சீங்க?"

பேச்சு மும்முரத்தில் சுஜாதா தன் மாடியில் இறங்க மறந்திருந்தாள். 'உன்னைப் பார்த்துதான்' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்து விழுங்கினாள்.

"யாரைப் பார்த்தும் இல்ல. எனக்காத் தோணுச்சு."

"மாஷா அல்லா!" என்று சொல்லிவிட்டு நிகத் மூணாவது மாடியில் இறங்கிப் போனாள்.

'பொய்க்காரி இந்தச் சம்பங்கி! நாக்கூசாம ஒரு பொய்யைச் சொல்லி என்னை ஆட்டி வெச்சிருக்காளே. இன்னியோட அவ வேலைக்கு ஒரு கும்பிடு' என்று கருவிக்கொண்டே நாலாவது மாடிப் பொத்தானை அழுத்தினாள். அந்த நேரத்துக்குச் சம்பங்கி தர்ஷினி வீட்டில்தான் இருப்பாள்.

கதவு திறந்தே இருந்தது. வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் தர்ஷினி, கழுத்தில் ஹெட்செட்டோடு ஆசிட் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள். சம்பங்கி அதை வாங்கவில்லை.

"சும்மா கதை விடாத சம்பங்கி. எலுமிச்சைத் தோல்ல எங்கயாவது உப்புக்கறை போகுமா? ரெண்டு வீட்லயும் ஆசிட்டை நிறுத்திட்டாங்கன்னா நான் நம்பிடணுமா?"

சுஜாதா வாசலில் நின்று வாயைத் திறந்தாள்.

சம்பங்கி திரும்பினாள். சுஜாதாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயப்படுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நகர்ந்து வழிவிட்டாள்.

"நம்பலைன்னா இவங்களையே கேளுங்க மேடம். யாரையும் பார்த்து ஆரம்பிச்சவங்க இல்ல இவங்க. இந்த அபார்ட்மென்ட்லயே மொத ஆளு!"

"நிஜமாவா ஆன்ட்டி?" என்றாள் தர்ஷினி.

சுஜாதாவின் திறந்த வாய் "ஆமாம்மா" என்றது.

அந்த 'ஆமாம்மா' முடிவதற்குள் சம்பங்கி பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.