செத்தவன் சிரிக்கணும்

அவள் ஓங்கி இறக்கினாள்.

கூர் சீவிய மரமுளை அவன் நெஞ்சில் பாய்ந்தது. சவப்பெட்டி அதிர்ந்தது. வெள்ளைச் சட்டையில் சிவப்பு பரவியது.

அவன் அவளைப் பார்த்தான். கோரைப்பற்கள் தெரிய வாயைத் திறந்தான். மூடினான். கண்களும் மூடிக்கொண்டன.

முந்நூறு வருடக் காட்டேரி, காதலியின் கையால் செத்துப்போனான்.

"டேக் ஓகே!" என்றார் இயக்குநர் சற்குணம். "கேமராவை நிறுத்தாதீங்க. தம்பி, கண்ணைத் திறந்து சிரிங்க."

அது படப்பிடிப்பில் வழக்கம். சாகிற மாதிரி நடித்தவர், ஷாட் முடிந்த கையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். சிரிக்காமல் எழுந்தால் சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள்.

அவன் சிரிக்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு பழைய பங்களா. வெளியே பட்டப்பகல். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி உள்ளே நள்ளிரவு செய்திருந்தார்கள். வராந்தாவிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

"சோறு ஆறுது தம்பி. சீக்கிரம் சிரிங்க."

யூனிட்தான் சிரித்தது.

மேக்கப் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, பல்லை கில்லை முழுங்கிட்டியா? வாடகைப் பல்லுப்பா அது!"

மறுபடி சிரிப்பு. பாதியில் நின்றது.

அவள் முளையை இன்னும் விடவில்லை.

முளையின் நுனி ரப்பர். அவன் சட்டைக்குள் ஒரு பலகை, அதன்மேல் ரத்தப் பை. சரியாக அங்கே இறக்க வேண்டும். ஒத்திகையில் மெதுவாகத்தான் இறக்கினாள்.

டேக்கில் அப்படி இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

தொடரில் அவர்கள் காதலர்கள். வெளியேயும்தான். அவன் ஹைதராபாத்தில் ஒரு தெலுங்குத் தொடருக்கு ஒப்புக்கொண்டிருந்தான். அவளிடம் மூச்சு விடவில்லை. "வெள்ளிக்கிழமை அவனைக் கொல்லணும்மா" என்று சற்குணம் சொல்லித்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

அன்றிலிருந்து வசனம் தவிர அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வசனம் முழுக்கக் காதல்.

போன் செய்தான். எடுக்கவில்லை. கேரவன் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது என்பது தொடரின் விதி. அவனும் படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

இப்போது கண் திறக்க மாட்டேன் என்கிறான்.

சர்க்கரைப் பாகில் கலந்த ரத்தம். ஒரு எறும்பு மோப்பம் பிடித்து வந்துவிட்டது. காலரில் ஏறியது. கழுத்தில் ஊர்ந்தது. காதுக்குக் கீழே போய் நின்றது.

அந்த இடத்தில் விரல் பட்டாலே துள்ளுகிறவன் அவன். உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த செய்தி அது.

துள்ளவில்லை.



பலகை நகர்ந்திருந்தால்?

"தம்பி?" சற்குணத்தின் குரல் மாறியிருந்தது. "விளையாட்டு வேணாம்."

திரைச்சீலையை ஆட்டிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்.

முளை தரையில் விழுந்தது. அவள் குனிந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிணத்துக்குப் பூசிய வெள்ளைப் பவுடர் விரல்களில் ஒட்டியது. அதற்கடியில் சூடு இருந்ததா? பதற்றத்தில் தெரியவில்லை.

"டேய்."

அசைவில்லை.

"ஹைதராபாத் போ. அங்க எவளை வேணா கடி. நான் ஏன்னு கேக்க மாட்டேன். இப்ப சிரிச்சுத் தொலைடா, பாவி!"



முதலில் மூக்கு நுனி துடித்தது. பிறகு உதடு. பிறகு அடக்க முடியாமல், ஒரு கோரைப்பல் கழன்று தாடையில் உருள, பங்களா அதிரச் சிரித்தான்.

துரைக்கண்ணு பாய்ந்து பல்லைப் பொறுக்கினார். சற்குணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் சரிந்தார்.

"நாசமாப் போறவனே! ஒரு நிமிஷத்துல எனக்குச் சங்கு ஊதப் பாத்தியே... கட்! கட்! போங்கப்பா, போய்ச் சாப்பிடுங்க."

யாரோ விசிலடித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். லைட்மேன் ஒருவர் கண்ணைத் துடைத்துவிட்டு, தூசி என்றார்.

அவள் அவன் தோளில் ஓர் அறை விட்டாள். இன்னொன்று. அடுத்ததற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஒரு வழியா பேசிட்ட" என்றான் அவன்.

கறுப்புத் துணிகளை அவிழ்த்தார்கள். மத்தியான வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. பெட்டியின் மீது விழுந்தது. அவன் முகத்தில் விழுந்தது.

அவன் எரிந்து சாம்பலாகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காதுக்குக் கீழே சொறிந்தான்.

உதவி இயக்குநர் வந்து கை நீட்டினார். "எழுந்திரிங்க சார். பெட்டியை வண்டியில ஏத்தணும்."

அவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மெல்ல ஓரமாக நகர்ந்து, ஒருக்களித்துப் படுத்தான்.

பெட்டியில் பாதி இடம் காலியானது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்பைக் கழற்றினாள்.